நூலகத்து ஜன்னலில் ஒரு சிவப்பு

நூலக ஜன்னலுக்குக் கீழே சேவல் மறுபடியும் கூவியது. சிவபிரகாஷின் லேப்டாப் திரையில் நூலகம் இருந்த இடம் குப்பென்று சிவந்தது.

"நாசமாப் போக!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

தீவில், சௌல்தாரிப் பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் எங்கெங்கே எவ்வளவு சத்தம் என்று கருவி வைத்து அளந்து வரைபடம் போடுவது அவன் வேலை. அமைதியான இடம் பச்சை. இரைச்சலான இடம் சிவப்பு. அதைப் பார்வையிட மெயின்லேண்டிலிருந்து நிதி அதிகாரி வைஜெயந்தி மேடம் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்.

பதிவாளர் திருநாவுக்கரசு நேற்றே எச்சரித்திருந்தார். "லைப்ரரிப் பக்கம் நல்லா கவனிச்சு அள, தம்பி. அந்த மேப்பைப் பார்த்துட்டுத்தான் உன் கான்ட்ராக்டைப் பத்தி யோசிப்பேன்."

கான்ட்ராக்டை நம்பித்தான் சிவபிரகாஷுக்குக் கல்யாணமே நிச்சயமாகியிருந்தது. வேலை போனால் பெண் வீட்டாரும் கும்பிடு போட்டுவிடுவார்கள்.

வெளியே ஓடினான். சேவலின் காலில் கயிறு கட்டி, ஜன்னல் கம்பியில் யாரோ முடிந்திருந்தார்கள். அவிழ்த்து, இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு, கேன்டீன் அழகம்மாவிடம் தூக்கிப் போனான்.

"அக்கா, மேடத்துக்கு இதைக் குழம்பு வச்சிருங்க."

அழகம்மா சேவலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நெசமாவா? ரிஜிஸ்ட்ரார் ஐயாகிட்ட ஒரு வார்த்தை..."

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். முதல்ல இதோட வாயை அடைங்க!"

திரும்பி வந்தால், ஜன்னலடியில் தோட்டக்கார ஐயாவு புல் வெட்டும் மெஷினை அலறவிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே! நேத்துதானே வெட்டினீங்க? இங்க புல்லே இல்லையே!"

"இல்லாட்டியும் வெட்டணும் தம்பி. ஆர்டர்."

கெஞ்சிக் கூத்தாடி, கையைப் பிடித்து மெஷினை நிறுத்த வைத்தான். ஐயாவு முணுமுணுத்தபடி ஒதுங்கிப் போய் யாருக்கோ போன் போட்டார். அப்பாடா என்று சிவபிரகாஷ் நாற்காலியில் சாய்ந்தான், சாய்ந்ததுதான் மிச்சம். பூஜை மேளத்தைத் தூக்கிக்கொண்டு பெங்காலிப் பையன்கள் ஒரு பட்டாளமே வந்து, ஜன்னலுக்கு நேர் எதிரே விளாச ஆரம்பித்தது. தைரியம் வந்து ஐயாவுவும் மெஷினைக் கிளப்பினார். திரை ரத்தக் களறியானது.

"அரே பாய், பந்த் கரோ! நிறுத்துங்கப்பா!"

"பர்மிஷன் ஹை, சார்!" என்று சிரித்துக்கொண்டே இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

மேடம் வரும் நேரம். சிவபிரகாஷுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகை வந்த இடத்தில் ஒரு பொய்யும் வந்தது.

"கல்கத்தா ஜஹாஜ் கா டிக்கெட் மில் ரஹா ஹை! கவுன்டர் திறந்துட்டாங்க!"

பூஜைக்கு ஊர் போகக் கப்பல் டிக்கெட் கிடைக்காமல் தீவே தவித்துக்கொண்டிருந்த நேரம். மேளம் நின்ற இடத்தில் நின்றது. பையன்கள் ஸ்கூட்டரில் மும்மூன்று பேராகத் தொற்றிக்கொண்டு பறந்தார்கள்.

"சென்னைக் கப்பலுக்கும் தர்றானா தம்பி?" என்றார் ஐயாவு.

"தர்றான் தர்றான், ஓடுங்க!"

ஐயாவு ஓடினார். அவருக்கு முன்னால் நூலகரே ஓடிக்கொண்டிருந்தார். வளாகம் காலியானது. திரையில் நூலகம் வெற்றிலை போலப் பச்சையாகக் குளிர்ந்தது. சிவபிரகாஷ் வரைபடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனான். மனசுக்குள் நாதஸ்வரம் ஒலித்தது.

பதிவாளரும் மேடமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேடம் வரைபடத்தைப் பார்த்து மலர்ந்தார்.

"பிரமாதம்! இவ்வளவு அமைதியான லைப்ரரியை நான் எங்கேயுமே பார்த்ததில்லை, சார்."

பதிவாளர் முகம் செத்துப்போனது. வாயருகே போன சேவல் கால் அப்படியே நின்றது. அவனை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அப்பப்பா! கான்ட்ராக்ட் அங்கேயே கிழிந்துவிட்டது.

"அக்கா, எல்லாம் பச்சையாத்தானே வந்திருக்கு, ஏன் இப்படி முறைக்கிறார்?" என்று அழகம்மாவின் காதைக் கடித்தான்.

"அடப்பாவி மனுசா, சத்தம் சாஸ்தின்னாத்தான் புது லைப்ரரி கட்டித் தருவாங்கன்னு மிஷினு, மேளம் எல்லாத்தையும் ஏவிவிட்டதே ஐயாதானே, இந்தா, இப்ப அவரு கையில இருக்கற காலுகூட அவரு வீட்டுச் சேவலோடதுதான்!"