சியாங் மாயில் நான்கு நாள்

பயணக்காரர்களில் ஓர் இனம் உண்டு. அந்த இனத்தார் வீட்டை விட்டுக் கிளம்புவதே இல்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும், கல்யாணப் பந்தியில் இலை விழக் காத்திருக்கும்போதும், சாவு வீட்டில் பாடை கட்டி முடிவதற்குள்ளும் உங்கள் முழங்கையைப் பிடித்து இழுத்து, ஏதோ ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, "அங்க எத்தன நாள் தங்கினாப் போதும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்பார்கள். மரியாதைக்கு "ரெண்டு நாள்" என்பீர்கள். தொலைந்தீர்கள். இரண்டு நாள் ஏன் போதாது என்று விளக்க அவர்களுக்கு இரண்டு நாள் வேண்டும்.

இவர்களுக்குத் திட்டக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் ஒரு நோட்டு, நோட்டில் நூல் கட்டிய பென்சில், வாயில் "போகலாம், ஆனா" என்ற பல்லவி. மழைக்காலத்தில் வெயில் வரட்டும் என்பார். வெயில் வந்தால் கூட்டம் குறையட்டும் என்பார். கூட்டம் குறைந்தால், அங்கே ஏன் யாருமே போவதில்லை என்று விசாரிக்க வேண்டும் என்பார்.

ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவில், காஜா பேராங்கில் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி ஒருவர் வாழ்ந்தார். பெயர் கலியாணசுந்தரம். ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். குண்டுச் சத்தம் கேட்டதும் துரை சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிப்போனார். கிராணிக்கு மிஞ்சியவை ஒரு நாற்காலி, ஒரு பழைய ரயில் அட்டவணைப் புத்தகம், சிவகாமசுந்தரி என்ற மனைவி. இந்த மூன்றில் அவர் கை அதிகம் பட்டது எதன்மேல் என்று சிவகாமசுந்தரியைக் கேட்டிருந்தால் பளிச்சென்று சொல்லியிருப்பாள்.

ஊர் முழுக்க அரிசியைக் கனவிலும் மரவள்ளிக்கிழங்கைத் தட்டிலும் பார்த்துக்கொண்டிருந்த அந்த 1943ஆம் வருஷத்தில், அவர் போகவிருந்த இடம் சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், வடக்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் சியாங் மாய். ஏன் சியாங் மாய்? ஐந்து வருஷத்துக்கு முன் கடலை மடித்து வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகைத் தாளில், அந்த ஊரை நான்கே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று எழுதியிருந்தது. முதல் நாள் அகழி, பழைய மதில், ஆற்றங்கரை. இரண்டாம் நாள் மலைமேல் புத்தர் கோயில், இருபுறமும் நாகம் நெளிந்து இறங்கும் முந்நூற்றுச் சொச்சம் படி. 'மூன்றாம் நாள் எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாதது' என்ற இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. மிச்சத் தாளைத் தேடிக் கடலைக்காரனைத் துரத்தினார்; அதில் கடலை வாங்கிய ஆசாமி புக்கிட் பாருவில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போய், அந்த வீட்டு அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்தார் என்று சொல்வார்கள். மூன்றாம் நாள் முடிவாகாமல் நான்காம் நாளை எப்படி முடிவு செய்வது? சயாமுக்குப் போனவர், போனவருக்குத் தெரிந்தவர், போனதாகப் பொய் சொன்னவர் எல்லாரையும் விசாரித்து, மூன்றாம் நாளுக்கு மட்டும் பதினேழு திட்டம் எழுதி வைத்தார்.

இதற்கு நடுவில் ஜப்பான்காரன் ஒரு காரியம் செய்தான். மலாக்காவிலிருந்து தம்பினுக்கு ஓடிய ரயில் பாதையை அப்படியே பெயர்த்தெடுத்து, சயாமில் தான் போடுகிற புதுப் பாதைக்கென்று கொண்டுபோய்விட்டான். தண்டவாளம் கலியாணசுந்தரத்தை முந்திக்கொண்டு சயாம் போய்ச் சேர்ந்தது. வேறொருவர் என்றால் மனம் விட்டுப்போயிருப்பார். இவர் பென்சிலைச் சீவி, 'தம்பின் வரை சைக்கிள்' என்று திருத்தி எழுதினார். அவரிடம் சைக்கிள் கிடையாது. ஓட்டவும் தெரியாது. அதெல்லாம் அடுத்த நோட்டில் வரும்.

தமிழை மறந்து மலாய் பேசும் பக்கத்துக் கம்போங் செட்டிக் கிராமத்தாருக்கும் அவர் பயணம் அத்துப்படி. வழியில் கண்டால், "பிலா மாவ் பெகி?" என்று, எப்போது புறப்பாடு என்பதை மலாயில் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நடையை எட்டிப் போடுவார்கள்.

சிவகாமசுந்தரியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், தன் தம்பிக்கு அந்தக் காய்ச்சல் தொற்றும் வரை.

கருணாகரன் அவளுக்கு ஒரே தம்பி. அம்மா போன பிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். இருபத்திரண்டு வயது, வேலை இல்லை, பசி உண்டு. அத்தானின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, சயாம் என்றாலே அவனுக்குக் குளிர்ந்த மலை, காகிதக் குடை பிடித்த பெண்கள், தட்டு நிறையச் சோறு. அந்த நேரம் பார்த்து மருதப்பன் வந்து சேர்ந்தார். தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப் பழகியவர். இப்போது கையில் ஜப்பானிய எழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடித்தார். மூன்று மாதம், தினமும் அரிசிச் சோறு, பிறகு வீடு. கருணாகரன் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான்.

எதிர்வீட்டுக் கோகிலாவின் கணவன் நடராஜன் முதல் லோரியில் போனவன். "மூணு மாசம்னாங்கக்கா," என்று அவள் முந்தாநாள்தான் சொல்லியிருந்தாள். "இது ஆறாவது மாசம். ஒரு கடுதாசி இல்ல."

சிவகாமசுந்தரி தம்பியிடம் கெஞ்சினாள். அழுதாள். அவன் சட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். பானை எப்படியும் காலிதானே. கைலியோடு போகிறேன் என்றான் அவன்.

"நீ சும்மா இரு அக்கா. அத்தான் அஞ்சு வருஷமாப் போகணும்னு சொல்ற ஊரு. நான் போனா மட்டும் தப்பா?"

"என்னங்க, நீங்களாவது சொல்லுங்க."

"போயிட்டு வரட்டுமே," என்றார் கலியாணசுந்தரம். "மூணாவது நாள் என்னன்னு பார்த்துட்டு வந்து சொல்லுவான்."

அன்று சாயங்காலம் கிழங்கை உரித்தபடி அவள் யோசித்தாள். இந்த மனிதர் திட்டம் போட்டுக் கொடுத்த எந்தப் பயணமாவது இதுவரை உருப்படியாக நடந்திருக்கிறதா? பத்துமலைத் தைப்பூசத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றது கல்யாணமான வருஷம். இவர் குறித்த நேரத்தை நம்பி மூவாருக்குப் புறப்பட்ட ஒரு கல்யாணக் கோஷ்டி போய்ச் சேர்ந்தபோது, அங்கே மணப்பெண்ணுக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட கையை வீட்டில் வைத்துக்கொண்டு எதற்கு அழ வேண்டும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலை எவ்வளவு சாதாரணமாக வைக்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, காலையில எட்டு மணிக்கு லோரி வருதாமே. அது எந்த எட்டுங்க?"

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த கையோடு கடிகாரத்தையும் பிடித்திருந்தான். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாயாவிலும் என்று, முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளச் சொன்னான். ஊர் தள்ளியது, பழகியும் போனது. கலியாணசுந்தரமும் தள்ளினார். ஆனால் அவருடைய அட்டவணைப் புத்தகம் தள்ளவில்லை.

"எந்த எட்டுன்னா?" என்றான் கருணாகரன். "எட்டுன்னா எட்டுதான்."

கலியாணசுந்தரம் அவனை இரக்கத்தோடு பார்த்தார். நாற்காலியை மேசைக்கு இழுத்தார். நோட்டு வெளியே வந்தது.

"தம்பின்ல வடக்கே போற வண்டி பத்தே கால். புத்தகத்துல அச்சடிச்சிருக்கு. இங்கேருந்து தம்பின் இருபத்துச் சொச்சம் மைல். கரி போட்டு ஓட்டற லோரி, ரெண்டு மணி நேரம் வை. எட்டுக்குக் கிளம்பினாப் பத்து. கால் மணி நேரம் மூட்டைய ஏத்த. கச்சிதமாப் பொருந்துதா? அப்ப இது ரயில் எட்டு. ரயில் எட்டுன்னா தோக்கியோவுக்கு ஒம்போதரை."

"மருதப்பன் தோக்கியோ நேரந்தானே அத்தான் சொல்லியிருப்பாரு?"

"மருதப்பனா ரயில் ஓட்டறாரு?"

புத்தகம் அச்சானது வெள்ளைக்காரன் காலம், ரயிலை இப்போது ஓட்டுவது ஜப்பான்காரன் என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரியும். அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒம்போதுக்குக் கிளம்பினாப் போதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"எட்டே முக்கால்," என்றார் அவர் கண்டிப்பாக. "முன்னாடியே போய் நிக்கணும். பயணத்துல அதுதான் முக்கியம்."

மறுநாள் காலையில் சியாங் மாய்க் குளிருக்கென்று கோணிச்சாக்கில் தைத்த கோட்டும் அடங்கிய முப்பத்தொரு சாமான்களைப் பட்டியலோடு சரிபார்த்து, மச்சானும் அத்தானும் லோரி நிற்கும் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே கால். திடலில் சக்கரத் தடம் இருந்தது. பீடித் துண்டுகள் இருந்தன. அவித்த கிழங்கு விற்கும் அஞ்சலை கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"லோரியா? அது எட்டுக்கே போயிட்டுது."

"எந்த எட்டு?" என்றார் கலியாணசுந்தரம்.

அஞ்சலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்கிட்ட ஒரு எட்டுதான் ஐயா இருக்கு."

இரண்டு தலைகளும் ஒரு சாக்குக் கோட்டும் தெருமுனையில் திரும்பி வருவதைப் பார்த்ததும் சிவகாமசுந்தரி உள்ளே போய்ப் பானையில் இன்னும் இரண்டு கிழங்கைப் போட்டாள். கருணாகரன் அத்தானோடு பேசவில்லை. கோபம் தணியும் வரை இருந்துவிட்டு வா என்று, அன்றைக்கே அவனைப் புக்கிட் பாருவில் மரவள்ளி போட்டிருந்த ஓர் உறவுக்காரரிடம் அனுப்பி வைத்தாள். கதை இதோடு முடிந்ததென்று நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மருதப்பன் வாசலில் வந்து நின்றார்.

"கிராணியாரே, உங்க மச்சான் எங்க?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். நீங்க எந்த மணின்னு தெளிவாச் சொல்லியிருக்கணும்."

"எனக்கு ஒரு ஆள் கொறையுது. மேல பதில் சொல்லியாகணும்." மருதப்பன் கைப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "நீங்களே வாங்க. சயாம் போகணும் சயாம் போகணும்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டிருக்கீங்களாமே. நாளைக்கு லோரி இருக்கு."

சிவகாமசுந்தரி கதவைப் பிடித்துக்கொண்டாள். தம்பியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் புருஷனை ஏற்றிவிட்டாளா? தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கோகிலா வந்து நின்றாள். அடுத்த லோரிக்குப் பெயர் கொடுத்திருந்த வாலிபர்கள் சிலர் வேலியோரம் நின்றார்கள்.

கலியாணசுந்தரத்தின் முகமோ பூத்துவிட்டது. இந்த ஐந்து வருஷத்தில், வாங்க போகலாம் என்று அவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

"வரேன்," என்றார்.

"ஆனா," என்று சட்டைப் பையில் கையை விட்டார். சிவகாமசுந்தரி கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"எந்த ஸ்டேஷன்ல எறங்கறோம்?"

"அதெல்லாம் போனாத் தெரியும்."

'போனால் தெரியும்' என்று எழுதிக்கொண்டார். "பெட்டியில படுக்கப் பலகை உண்டா?"

"சாமான் ஏத்தற பெட்டிங்க அது."

"மூடினதா, தெறந்ததா? ஈப்போவுல காப்பிக்கு நிக்குமா? ஞாயித்துக்கெழம லீவு இருந்தா சியாங் மாய்க்கு ஒரு நட போயிட்டு வரலாம்னு பார்க்கறேன்."

"லீவெல்லாம் கெடையாது."

"சரி, போகட்டும்." புதுப் பக்கத்தைத் திருப்பி நடுவில் ஒரு கோடு போட்டார். "திரும்பி வர்ற வண்டி எந்தக் கெழமை?"

மருதப்பன் கைப்பட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று கலியாணசுந்தரம் குரலை உயர்த்தினார். "மூணு மாசம்னா மூணாவது மாசக் கடைசியில ஒரு வண்டி இருக்கணுமில்ல? மொத லோரியில போனவங்க எந்த வண்டியில வந்தாங்கன்னு சொல்லுங்க. நானும் அதையே போட்டுக்கறேன்."

பென்சில் காகிதத்தின்மேல் காத்திருந்தது. தெருவில் யாரும் சிரிக்கவில்லை. கோகிலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சொல்லுங்கண்ணே," என்றாள். "எந்த வண்டி?"

வேலியோரம் நின்ற வாலிபர்களில் ஒருவன் மெல்ல நகர்ந்தான். பின்னாலேயே இன்னொருவன். மருதப்பன் நோட்டைப் பார்த்தார், கோகிலாவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

"ஓய், உம்ம ஒருத்தர லோரியில ஏத்தினா இருக்கற நாப்பது பேரையும் கெடுத்துடுவீர்," என்று முணுமுணுத்துவிட்டு நடந்தார். அந்த வாரமே வேறொரு தெருவில் அவருக்கு ஆள் கிடைத்தது. அந்தத் தெருவில் நோட்டு வைத்திருந்தவர் யாரும் இல்லை.

கலியாணசுந்தரத்துக்கு உண்மையாகவே மனத்தாங்கல்.

"பார்த்தியா சிவகாமி? திரும்பி வர்ற வண்டிய முடிவு பண்ணாமலே ஆளக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. இப்படியா திட்டம் போடுவாங்க?"

சிவகாமசுந்தரி கோகிலாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

இவ்வளவும் படித்துவிட்டு, நான் அந்த இனமில்லை என்று தலையை ஆட்டுகிறீர்கள். இருக்கட்டும். போன பள்ளி விடுமுறைக்கு ஒரு மலை, அதற்கு முந்தின வருஷம் ஒரு கடற்கரை என்று பிள்ளைகளிடம் சொன்னீர்களே, அது என்ன ஆயிற்று? விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது, நிதானமாக விசாரியுங்கள். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் திட்டத்தை விரிக்கும்போதெல்லாம் வீட்டில் ஒருத்தி கொட்டாவி விடாமல், வெகு அக்கறையாக, இன்னும் ஒரு சந்தேகம் கேட்கிறாளா? அப்படியானால் உங்களைக் கொண்டு அவள் ஏதோ ஒரு காரியத்தை முடித்துக்கொண்டிருக்கிறாள். என்ன காரியம் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டாள்.