பல் பதினொன்று

“வீட்டுக்குள்ள கால வச்சா நிம்மதி இருக்கா? எப்பப் பாரு செல்ஃப் மோட்டாரு, செல்ஃப் மோட்டாரு.”

ஒரு காட்டில் சூசை என்ற கரடி இப்படிக் குறைப்பட்டுக்கொண்டார். அவர் மனைவி ஜசிந்தா அந்த வாக்கியத்தை ஓர் எழுத்துப் பிசகாமல், அதே மூக்குறிஞ்சலோடு திருப்பிச் சொல்லிக் காட்டினாள். நிம்மதி வேண்டுமென்றால் மோட்டாரை வாங்கி மாட்டலாமே என்றும் சொன்னாள்.

அவர்களிடம் பழைய டீசல் லாரி ஒன்று இருந்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுற்றிவிட வேண்டிய செல்ஃப் மோட்டார் மூன்று மாதமாகச் செத்துக் கிடந்தது. தினமும் தங்கப்பழம் அண்ணாச்சி என்ற யானை குளித்து முடித்து, ஒன்பதரைக்கு வந்து பின்னாலிருந்து தள்ளுவார். லாரி இருமிக்கொண்டு கிளம்பும். கூலி ஒரு தார் வாழைப்பழம். சூசைக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஜசிந்தாவுக்குத் தெரிந்தது. நாயாய் அலைந்து, தன் பெயரில் முதல்முறையாக ஓர் ஆர்டர் பிடித்திருந்தாள்: வியாழன் காலை எட்டு மணிக்குள் அடிவாரச் சந்தையில் இருநூறு பலாப்பழம். ஒரு நிமிடம் தாண்டினாலும் ஆர்டர் போட்டிக்கு நிற்கும் முள்ளம்பன்றிக்கு.

செத்த மோட்டாரின் தகட்டைத் துடைத்துப் படித்தாள். எஞ்சின் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும் அதன் பல்லை எண்ணினாள். அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள்: இருபத்து நாலு வோல்ட், ஒன்பது பல், மூன்று துளை. சூசை அந்தச் சீட்டை மரியாதையாக வாங்கி, வடையின் எண்ணெயை அதில் ஒற்றிக்கொண்டார். எதை வாங்கினாலும் நாலு பேரைக் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த நாலில் மனைவி வரமாட்டாள்.

புதன்கிழமை மெக்கானிக் முத்துராசு என்ற மந்தி இரண்டு மோட்டார்களைச் சாக்கில் பரப்பியது. ஒன்று புதிது, சின்னது. தகட்டில் ஜசிந்தா எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. மற்றது எந்த வண்டியிலிருந்தோ கழற்றி, பச்சைப் பெயிண்ட் அடித்த பூதம்.

தேர்வுக் குழுத் தலைவர், வேறு யார், தங்கப்பழம் அண்ணாச்சி. வண்டி தானாகக் கிளம்பினால் யாருக்கு வாழைத்தார் நிற்குமோ அவரையே அழைத்து வந்து, எந்த மோட்டார் நல்லது என்று கேட்டார்கள். அவர் இரண்டையும் தும்பிக்கையால் தூக்கி எடை பார்த்தார்.

“இது என்னடே, சட்னி அரைக்கிற மிக்ஸி மாதிரி இருக்கு?” என்று சின்னதைக் கீழே வைத்தார். சூசை விழுந்து விழுந்து சிரித்தார்.

ஜசிந்தா பச்சைப் பூதத்தின் பல்லை விரல் விட்டு எண்ணினாள். “இதுல பதினொண்ணு இருக்கு. நம்ம வண்டிக்கு ஒம்பது.”

“ரெண்டு பல்லு கூட இருந்தா கடி நல்லாப் பிடிக்கும் மதினி,” என்றது முத்துராசு.

குழு இந்த விளக்கத்தில் முழுத் திருப்தி அடைந்தது. துளை பொருந்தாத இடத்தில் வாஷரைத் திணித்து, சுத்தியலால் நாலு போட்டு, பூதத்தை மாட்டினார்கள்.

வியாழன் காலை எலுமிச்சம்பழம், கற்பூரம், தேங்காய். திறப்பு விழா என்றதும் அண்ணாச்சிகூட குளிக்காமல் ஐந்தரைக்கே வந்துவிட்டார். பலாப்பழம் ஏற்றிய லாரியில் ஜசிந்தா ஏறிச் சாவியைத் திருப்பினாள். தகரத்தைப் பிய்ப்பது போல் ஒரு சத்தம். முத்துராசு முன்கணித்தபடியே பூதத்தின் பல் எஞ்சின் சக்கரத்தைக் கடித்தது. கடித்தது விடவில்லை.

அண்ணாச்சி தள்ளிப் பார்த்தார். எஞ்சின் பூட்டிக்கொண்டு கிடந்ததால் டயர் மண்ணில் தேய்ந்ததே தவிர, வண்டி இருமக்கூட இல்லை. ஆனாலும் தள்ளியது தள்ளியதுதானே, கூலி வேண்டும் என்றார். வாழைத்தார் வாங்கி வைக்கவில்லை என்று சூசை நெளிந்தார். அண்ணாச்சி பெருந்தன்மையோடு, பலாப்பழமானாலும் பரவாயில்லை என்றார். ஒன்றைப் பிளந்தார். வாசனை நன்றாக இருந்தது. முத்துராசு ஒன்று பிளந்தது. இவ்வளவு பழத்தை வீணாக்கக் கூடாது என்று சூசையும் உட்கார்ந்தார்.

ஜசிந்தா சாக்கிலிருந்த சின்ன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் நின்றாள்.

“மணி ஆறுதான் ஆகுது. அதக் கழட்டிட்டு இத மாட்டிக் குடுங்க. இன்னும் நேரம் இருக்கு. யாராவது ஒருத்தர் எந்திரிங்க.”

எல்லோர் வாயிலும் சுளை இருந்தது.

நீதி: பழைய லாரிக்கு செல்ஃப் மோட்டார் வாங்குவோர், அந்த லாரியைத் தள்ளிச் சாப்பிடுகிறவரின் யோசனையைத் தவறாமல் கேட்கவும். வண்டி கிளம்பாது, ஆனால் யாரும் பசியோடு வீடு திரும்ப மாட்டார்கள்.