வாஷர் ஞானம்

அந்தமானில் மனிதனுக்கு வேண்டியதெல்லாம் மெயின்லாண்டிலிருந்து கப்பலில்தான் வந்தாக வேண்டும். அரிசி, சிமெண்டு, கல்யாணப் பத்திரிகை, மேலதிகாரி எல்லாமே அந்தக் காலத்தில் அப்படித்தான் வந்து இறங்கின. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் ஞானமும் அப்படியே வந்து இறங்கியது.

அதைக் கொண்டுவந்தவர் ஜம்புலிங்கம். போர்ட் பிளேரில் மனவள மேம்பாட்டு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் அவர். குடியேறிய மக்களின் நிலவளத்தை ஒரு அலுவலகமும் கடல்வளத்தை இன்னொரு அலுவலகமும் கவனித்துவந்தன. யாரும் கவனிக்காமல் விடுபட்டுப்போன மனவளத்துக்காக ஏற்படுத்தப்பட்டது இது. கல்கத்தாவுக்கு ஒரு பயிற்சிக்குப் போன ஜம்புலிங்கம், தங்கிய ஹோட்டலில் யாரோ ஒருவர் ஜப்பான் நாட்டு ஜென் ஞானத்தைப் பற்றிப் பேசக் கேட்டார். பாதிப் பேச்சில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. மீதியை அவரே யோசித்துக்கொண்டார். திரும்பும் கப்பலில் அவருக்குக் குமட்டல் இருந்தது. அதுதான் ஞானத்தின் முதல் அறிகுறி என்று பிற்பாடு பல கூட்டங்களில் சொன்னார்.

இரண்டு மாதத்தில் சட்டைப்பை அளவில் ஒரு பொன்மொழித் தொகுப்பு அச்சாகி வெளிவந்தது. பெயர் 'இருந்தபடி இரு'. அட்டையில் ‘ஜென் மரபைத் தழுவியது’ என்று போட்டிருந்தது. பக்கத்துக்கு ஒரு வாக்கியம். ‘கப்பல் வராத நாளில்தான் கடல் முழுமையாக இருக்கிறது’ என்றது ஒரு பக்கம். ‘கதவைத் தட்டாதே, நீயே கதவு’ என்றது இன்னொன்று. ‘கேட்பவனிடம் கேள்வியாவது இருக்கிறது, கொடுப்பவனிடம் அதுவும் இல்லை’ என்ற ஒன்பதாம் பக்கத்து வாக்கியம் அலுவலகங்களில் மிகவும் பிடித்துப்போனது. மனு கொடுத்தவர்களுக்கு அதுவரை நீளநீளமாகப் பதில் எழுதி அலுத்துப்போயிருந்த குமாஸ்தாக்கள், இனி ‘ஒன்பதாம் பக்கம் பார்க்கவும்’ என்று எழுதினால் போதும் என்று கண்டுகொண்டார்கள்.

புத்தகம் வந்துவிட்டால் வாசகர் கருத்து வேண்டுமே. போர்ட் பிளேரில் கருத்துக்குப் பஞ்சமில்லை. லீவு கேட்டிருந்தவர்கள் எல்லாம் புத்தகத்தைப் படித்துக் கண் கலங்கினார்கள். அபர்டீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு காண்டிராக்டர், இதைப் பையில் வைத்த நாள் முதல் தன் நெஞ்சு குளிர்ந்திருப்பதாக எழுதிக்கொடுத்தார். அவருடைய பில் அப்போது பாஸாகாமல் கிடந்தது. ஒரே ஒரு பள்ளி ஆசிரியர் மட்டும், காகிதம் நன்றாக இருக்கிறது, நடுவில் எதற்கு அச்சடித்துக் கெடுத்தார்கள் என்று எழுதினார். அவரைத் தென்கோடித் தீவிலிருக்கும் கேம்ப்பெல் பே என்ற ஊருக்கு மாற்றினார்கள். அங்கே கடல் இன்னும் முழுமையாக இருக்கும் என்று உத்தரவிலேயே காரணம் சொல்லியிருந்தார்கள்.

நகரத்து வாசகர்கள் மட்டும் புகழ்ந்தால் மேலிடம் நம்பாது. ஆகவே தூரத்துக் குடியேற்றங்களிலிருந்தும் கருத்துத் திரட்டும்படி ஜம்புலிங்கம் உத்தரவிட்டார். தலைமைக் குமாஸ்தா குருநாதன் புத்தகப் பெட்டியோடு, தெற்கே ஒரு தீவிலிருந்த ஹட் பே குடியேற்றத்துக்குக் கப்பல் ஏறினார்.

ஹட் பேயில் அப்போது வேறு ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. காடு வெட்டி வீடு போட்டிருந்த சில தமிழ்க் குடும்பங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அடிகுழாய். அதன் வாஷர் தேய்ந்துபோய்விட்டது. பழைய செருப்பை அறுத்துப் போட்டுப் பார்த்தார்கள். அது ஒரு வாரம் தாங்கி நைந்துபோனது. பெண்கள் அட்டை கடிக்கக் காட்டு ஓடைக்குப் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. மனுமேல் மனு போட்டார்கள். தண்ணீர் இல்லாமல் மனம் நோகிறது என்று ஒரு மனுவில் எழுதியிருந்ததால், விஷயம் மனத்தைச் சேர்ந்தது என்று முடிவாகி, எல்லா மனுக்களும் மனவள அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

அதனால் கப்பல் நங்கூரம் போட்டு, டிங்கி என்ற சிறு படகில் ஒரு பெட்டி கரைக்கு வந்தபோது, குழாய்ச் சாமான் வந்துவிட்டது என்று ஊரே கடற்கரையில் கூடிவிட்டது. பெட்டியைத் தலையில் தூக்கி வந்தவன் கோவிந்தராஜ். அவன்தான் அந்தக் குழாயை ஆரம்பத்தில் குழி தோண்டி இறக்கியவன். கனத்தைப் பார்த்து, புதுக் குழாயே வந்திருக்கும்போல என்று சந்தோஷப்பட்டான். திறந்தால் புத்தகம்.

குருநாதனுக்குக் கடல் மயக்கம் இன்னும் தெளியவில்லை. தென்னை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடி, ஆளுக்கொன்று எடுத்துச் சட்டைப்பையில் நெஞ்சோடு வைத்துக்கொள்ளும்படி சொன்னார். அங்கே சட்டை போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். பிறகு ‘இந்நூல் என் வாழ்வை மாற்றியது’ என்று ஏற்கெனவே அச்சடித்த தாள்களில் வரிசையாகக் கைநாட்டு வாங்கத் தொடங்கினார்.

கோவிந்தராஜின் மனைவி விசாலாட்சியின் முறை வந்தது. இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வந்தவள். உரத்த குரல். அவள் கைநாட்டு வைக்க மாட்டேன், நான் சொல்வதை எழுதுங்கள் என்றாள். குருநாதனுக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதினார்.

"குழாய அடிச்சாக் காத்துதான் வருது. இந்தப் புத்தகத்தத் தொறந்தாலும் காத்துதான் வருது. குழாய்க்கு ஒரு வாஷரப் போட்டாத் தண்ணி வந்துரும். இதுக்கு எதப் போட்டும் ஒண்ணும் வராது. எழுதிட்டீகளா? கீழ எம் பேரயும் போடுங்க."

போர்ட் பிளேரில் இதைப் படித்த ஜம்புலிங்கம் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். வேலை போய்விட்டது என்று குருநாதன் நினைத்துக்கொண்டார். கடைசியில் ஜம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நாற்பது வருஷம் தவம் செய்தவர்களுக்கும் கிடைக்காத தெளிவு இது என்றார். நூலிலிருந்து காற்று வருகிறது, எதைப் போட்டாலும் ஒன்றும் வராது. சூனியம் என்னும் வெறுமையை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும் என்று குருநாதனைக் கேட்டார். யாராலும் முடியாது சாப் என்று குருநாதன் சொன்னார். அடுத்த கப்பலிலேயே அந்த அம்மாளை அரசு மரியாதையோடு அழைத்துவரும்படி உத்தரவு போயிற்று.

ஹட் பேயில் எல்லோரும் மகிழ்ந்துபோனார்கள். அழைத்திருக்கிறார்கள் என்றால் வாஷர் கொடுக்கத்தானே. கோவிந்தராஜ், முன்பே கழற்றி வைத்திருந்த தேய்ந்த வாஷரை எடுத்து, அளவுக்காக அவள் முந்தானையில் முடிந்துவிட்டான். பராக்குப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு சீக்கிரம் வந்துவிடு, பிள்ளைக்கு இன்னும் வயிறு சரியாகவில்லை என்றான். போனதும் வந்துவிடுவேன் என்று அவளும் சொன்னாள்.

பாராட்டுக் கூட்டம் பெரிய மண்டபத்தில் நடந்தது. பல இலாகா அதிகாரிகளும் அவர்களுடைய மனைவிமார்களும் வந்திருந்தார்கள். விசாலாட்சி மேடையில் ஏறினாள். அவள் பேச வந்ததே ஒன்றுதான். முந்தானை முடிச்சை அவிழ்த்து, தேய்ந்த வாஷரை விரலில் தூக்கிக் காட்டினாள்.

"இது மாதிரி ஒண்ணு வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

மண்டபமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒரு வட்டம். நடுவில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடம் இல்லாவிட்டால் வட்டமே இல்லை. முன்வரிசையில் ஒரு பெரிய அதிகாரி விம்மினார். விசாலாட்சி, தான் சொன்னது புரியவில்லையோ என்று நினைத்து, இது குழாய்க்குப் போடுவது, இரண்டு இரும்புக்கு நடுவில் இருக்கும், இது நைந்துபோனால் தண்ணீர் ஏறாது என்று விளக்கினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் கைதட்டல் கூடிக்கொண்டே போனது.

அந்த வாரமே நகரத்தில் வாஷர் மோகம் பிடித்துக்கொண்டது. முதலில் ஜம்புலிங்கம் கறுப்புக் கயிற்றில் ஒரு வாஷரைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மற்ற அதிகாரிகளும் போட்டுக்கொண்டார்கள். போடாதவர்களை மனவளம் குன்றியவர்கள் என்று ரகசிய அறிக்கையில் எழுதினார்கள். கீழ்மட்ட ஊழியர்களுக்கு ரப்பர் வாஷர், மேல்மட்டத்துக்குத் தோல் வாஷர் என்று வரையறை வந்தது. அதிகாரிகளின் மனைவியர் அதைப் பட்டுக்கயிற்றில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். அபர்டீன் பஜாரில் பெட்டிக்கடைக்காரர்கூட ‘அசல் ஹட் பே வாஷர்’ என்று எழுதிப் போட்டு விற்றார். அரசாங்க ஸ்டோரில் இருந்த கையிருப்பு முழுவதும் ‘தத்துவார்த்த உபயோகத்துக்கு வழங்கப்பட்டது’ என்று கணக்கெழுதிக் காலியானது.

விசாலாட்சி ஸ்டோருக்குப் போய்க் கேட்டபோது, தீவுகள் முழுவதிலும் ஒரு வாஷர்கூடக் கையிருப்பில் இல்லை என்று தெரிந்தது. அவள் நேராக ஜம்புலிங்கத்தின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"ஐயா, கழுத்துல கெடக்கறதக் குடுங்க. அது போதும். அடுத்த கப்பல்ல போயிடறேன்" என்றாள்.

ஜம்புலிங்கம் வாஷரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கொடுத்துடலாம்மா. ஆனா கழுத்திலேருந்து கழற்றிட்டா இது வெறும் வாஷர்."

"எனக்கு வேண்டியதும் வெறும் வாஷர்தானய்யா."

"குருநாதன், இதை எழுதிக்கோ" என்றார் ஜம்புலிங்கம். குருநாதன் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு அவள் கோபத்தில் அழுதாள். ஆனால் அவள் அழுததையும் ஒருவர் எழுதிக்கொண்டுபோனார். கப்பல் வரத் தாமதமாகும் என்று சொல்லி, அவளை விருந்தினர் விடுதியில் தங்கவைத்தார்கள். அங்கே மின்விசிறி இருந்தது. திருகினால் தண்ணீர் கொட்டும் குழாய் இருந்தது. முதல் நாள் அவள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி நின்றாள். ஊர் நினைவு வந்தது. இரண்டாம் நாள் சும்மா குளித்தாள்.

தினமும் யாராவது பார்க்க வந்தார்கள். படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள் தரையில் உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அவள் பேச்சை அப்படி யாரும் கேட்டதில்லை. புருஷன் பாதியில் வெட்டிப் பேசுவான். ஊரில் அவளை வாயாடி என்பார்கள். இங்கே அவள் ‘இன்னிக்குப் புழுக்கமா இருக்கு’ என்றால்கூட இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர்கள் பாணியிலேயே பேசினால் ஒருவேளை காரியம் நடக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு மாலையில், வறண்ட குழாய் யாருக்காகக் காத்திருக்கிறது என்று நிதானமாகக் கேட்டாள். வாஷருக்காக என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் கேள்வி பிரமாதம் என்றார்கள். அவளுக்கும் பிரமாதம் என்றுதான் பட்டது.

முதல் கப்பலில் இடம் இல்லை. அடுத்த கப்பலில் இடம் இருந்தது, அன்றைக்கு ஒரு கூட்டம் இருந்தது. அதற்கடுத்த கப்பல் போனதை யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

நூலின் இரண்டாம் பதிப்பு விசாலாட்சியின் மொழிகளைச் சேர்த்து வெளிவந்தது. அதற்கும் தூரத்துத் தீவுகளிலிருந்து வாசகர் கருத்துகள் மூட்டையாக வந்தன. எது ஞானம், எது புகார் என்று பிரிக்க ஒரு குழு தேவைப்பட்டது. வாசகர் கருத்துப் பரிசீலனைக் குழுவின் தலைவியாக விசாலாட்சி நியமிக்கப்பட்டாள். அறை, மேஜை, அழைப்பு மணி, கழுத்துக்கு ஒரு தோல் வாஷர் எல்லாம் கொடுத்தார்கள். அவளுக்கு எழுதப்படிக்கத் தெரியாததால், குருநாதன் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, அவள் தீர்ப்பு வழங்கினாள். அவள் தலையை அசைத்தால் அடுத்த பதிப்பு. கையை அசைத்தால் கூடை.

ஒரு நாள் பிற்பகல் குருநாதன் ஒரு தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தார். படியுங்கள் என்றாள்.

ஹட் பேயிலிருந்து வந்திருந்தது. யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருந்தான் கோவிந்தராஜ். ‘புத்தகம் கிடைத்தது. குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வாஷர் கிடைத்ததா? பிள்ளை மிகவும் இளைத்துவிட்டான். நீ எப்போது வருவாய்?’

மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. விசாலாட்சி கழுத்தில் கிடந்த வாஷர்க் கயிற்றைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்தாள். குருநாதன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்த ஒரு தடவையாவது அவள் சீறி எழுந்துவிட வேண்டும், தானும் எழுந்து போய்விடலாம் என்று அவருக்கே ஓர் ஆசை தோன்றியது.

"எல்லாம் கேள்வியாவே இருக்கு" என்றாள் விசாலாட்சி கடைசியில். "கருத்துல ஆழம் பத்தல. அடுத்தத எடுங்க."

குருநாதன் தாளைக் கூடையில் போட்டார். பிறகு அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.