நூற்றைம்பது சதவீதக்காரர்

எங்கள் ஆம்பூர் பக்கம் லாரிக்கும் வெயிலுக்கும் கொசுவுக்கும் அடுத்தபடியாகப் பெருகிவரும் ஓர் இனம் உண்டு. திரையைச் சரிசெய்பவர் இனம். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கே" என்று யாரோ எங்கோ முனகியதும், கூப்பிடாமலேயே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரல்களைச் சொடுக்கி, "ரெண்டு நிமிஷம்" என்பார். அந்த இரண்டு நிமிடத்துக்குள் விரிஞ்சிபுரம் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பியே வந்துவிடலாம்.

நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் நவீன்குமார். கறுப்பு டீ-ஷர்ட், மடிக்கணினியின் முதுகில் ஒரு பென்குயின் ஒட்டுப்படம், சாவிக்கொத்தில் சாவியைவிட அதிகமாகப் பென் டிரைவ். மற்றவர்கள் "சாப்ட்டியா?" என்று கேட்கும் இடத்தில் அவர் "லினக்ஸ் போட்டாச்சா?" என்பார். போடவில்லை என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் மதியச் சாப்பாடு போயிற்று.

சென்ற மாதம் செக்கிங் செக்‌ஷனுக்கு ஒரு மடிக்கணினி வந்தது. முதலாளி மகன் பயன்படுத்திவிட்டுத் தள்ளியது. சின்னத் திரை, அதற்குள் கல்யாண மண்டபக் கூட்டம் அளவுக்குப் பிக்சல் புள்ளிகள். நவீன்குமார் அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தார். படங்கள் கண்ணாடி போல இருந்தன. எழுத்துகளோ கேழ்வரகைச் சிந்தியது போல இருந்தன.

அதன் முன்னால் உட்கார வேண்டியவர் முனவ்வர் பேகம். பதினெட்டு வருடம் டேபிள் ஓரம் நின்று நூல் வெட்டியவர். முட்டி தேய்ந்த பிறகுதான் இந்த நாற்காலி கிடைத்தது. எந்த ஜோடியில் தையல் விட்டது, எதில் பசைக் கறை என்று ஃபாரத்தில் ஏற்ற வேண்டியது அவர் வேலை. மேனேஜர் பச்சையப்பன் காலையிலேயே சொல்லிவிட்டார்: "மூணு மணிக்கு சரக்கு வாங்கற பையர் வர்றாரு. அதுக்குள்ள ஏத்திடுங்க. முடியலன்னா சொல்லிடுங்கம்மா, வேற ஆள உக்கார வெச்சிட்டு உங்கள டேபிளுக்கே அனுப்பிடறேன்."

முனவ்வர் பேகம் மூக்கைத் திரையில் உரசிக்கொண்டு பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் முனகினார்.

நவீன்குமார் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அறையில் இருந்தது அந்த ஒரே நாற்காலிதான்.

"ஸ்கேலிங் பிரச்சனக்கா. ரெண்டு நிமிஷம்."

திரையின் அளவை இருநூறு சதவீதம் வைத்தார். எழுத்துகள் அரசியல் கட்சிச் சுவர் விளம்பரம் போல வீங்கின, ஃபாரத்தின் 'சேமி' பொத்தான் திரைக்கு வெளியே எங்கோ அரக்கோணம் பக்கம் போய்விட்டது. நூற்றைம்பது வைத்தார். எல்லாம் எண்ணெய் தடவிய கண்ணாடி வழியே பார்ப்பது போல மங்கியது. நூற்று இருபத்தைந்து வைத்தார். எழுத்து சரியாக வந்தது, அம்புக்குறி மட்டும் செருப்பு அளவுக்கு நின்றது. அம்புக்குறியைக் குறைத்தார். ஐகான்கள் கோபித்துக்கொண்டு கடுகாயின. பிறகு கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, அதில் என்னவோ எழுதி, அணைத்து, போட்டு, மறுபடி அணைத்து...

"தம்பி, எனக்கு அந்த ஒரு ஃபாரம் தெரிஞ்சா போதும்பா."

"ஃபாரம் முக்கியமில்லக்கா. சிஸ்டம் முழுக்க ஒரே அளவா இருக்கணும். இல்லன்னா அசிங்கம்."

"அசிங்கமா இருந்துட்டுப் போவுது. முட்டி வலிக்குது."

"தோ, முடிஞ்சிடுச்சி."

முடிந்தபோது மணி ஒன்றேகால்; எல்லாம் ஒரே அளவில், ஒரே பொடியாக நின்றன. இரண்டு மணி நேரம் முனவ்வர் பேகம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நவீன்குமார் திரையில் முகம் பதித்து, "எவ்ளோ ஷார்ப்பா இருக்கு பாருங்க!" என்றார். அவர் கண்ணுக்கு ஷார்ப்பாகத்தான் இருந்திருக்கும். இருபத்துநான்கு வயதுக் கண். முனவ்வர் பேகம், பாவம் உழைத்திருக்கிறான் என்று, "நல்லாருக்குப்பா" என்றார். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். ஒன்று புரியாதபோது தலையாட்டுவதைத்தான் அங்கே மூன்று வருடம் முறையாகப் படித்தேன்.

நவீன்குமார் போனதும் முனவ்வர் பேகம், தோலில் கீறல், உண்ணி கடித்த தழும்பு பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துத் திரைமீது வைத்தார். ஒரு கையில் கண்ணாடி, ஒரு விரலால் தட்டச்சு. மணி இரண்டு. பன்னிரண்டு ஜோடி ஏறியிருந்தது. இன்னும் எழுபது. அப்போது பச்சையப்பன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"ஸ்க்ரீன்ல உண்ணி கடிச்சிருக்கான்னு பாக்கறேன் சார்."

பச்சையப்பன் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

செய்தி நவீன்குமாருக்கு எட்டியது. ஓடி வந்தார். வெட்கப்பட்டு அல்ல, ஆர்வத்தில். "லென்ஸ் எத்தன எக்ஸ்க்கா? பத்தா? அப்ப ஆயிரம் சதவீதம்... எழுந்திரிங்க, ரெண்டு நிமிஷம்."

"எழுந்திரிக்க மாட்டேன். இன்னா பண்றதா இருந்தாலும் நின்னுக்கிட்டே பண்ணு."

அப்படி ஒரு பதிலை இந்த இனம் கேட்டதே இல்லை. நவீன்குமார் நாற்காலிக்குப் பின்னால் நின்று, முனவ்வர் பேகத்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். இன்னும் சுருக்கினார்.

"இன்னாக்கா, ஒண்ணுமே தெரியல?"

"அதத்தான்டா காலைலேர்ந்து சொல்றேன்."

பிறகு நவீன்குமார், ஒரு பாவத்தைச் செய்பவர் போலத் தயங்கி, கையை நீட்டிக் கன்ட்ரோலையும் கூட்டல் குறியையும் சேர்த்து நான்கு முறை தட்டினார். ஃபாரம் மட்டும் பெரிதாகி, தெளிவாக வந்து நின்றது. ஐந்து விநாடி.

"ஆனா இது சரியான மொற இல்லக்கா," என்றார் வருத்தமாக.

முனவ்வர் பேகம் கேட்கவில்லை. தட்டிக்கொண்டிருந்தார். மூன்று அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது எண்பத்திரண்டாவது ஜோடி ஏறியது. நாற்காலி அவரிடமே இருக்கிறது.

நவீன்குமாரை நினைத்துச் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் அன்று வீட்டுக்குப் போனேன். போய் அம்மாவின் போனை எடுத்தபோதுதான், நிறைய விஷயம் ஒரே பக்கத்தில் தெரியட்டும் என்று அதில் எழுத்தைச் சிறிதாக்கி வைத்தவன் யார் என்பது நினைவுக்கு வந்தது. "நல்லாருக்குடா" என்று அம்மாவும் சொல்லியிருந்தாள். சரி, உங்கள் வீட்டில் யாருக்காவது போன் சரிசெய்து கொடுத்திருப்பீர்கள் அல்லவா? "இப்ப நல்லா தெரியுதா?" என்று கேட்டபோது, அந்தப் போன் யார் கையில் இருந்தது?