கைவேலை என்றால் அப்படித்தான்

ஓய்வு பெற்றவர்களில் பல ரகம் உண்டு. செய்தித்தாளை 'காணவில்லை' விளம்பரம் வரை படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வருபவர், டாக்டருக்கே வைத்தியம் சொல்பவர்... இவர்களால் யாருக்கும் சேதமில்லை. நான் எச்சரிக்க வந்தது வேறொரு ரகத்தைப் பற்றி. வேலையில் இருந்தவரை பென்சிலைக்கூடப் பியூனிடம் கொடுத்துச் சீவி வாங்கியவர், ஓய்வு பெற்ற மறுவாரமே இழைப்புளியும் கையுமாக மரச்சாமான் தொழில் தொடங்கிவிடுகிறாரே, அந்த ஓய்வுத் தச்சரைப் பற்றி.

இவரை அடையாளம் காண்பது சுலபம். காதில் பென்சில் இருக்கும். அதைத்தான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார். ஹாலில் கிடந்த சோபா மொட்டை மாடிக்குப் போயிருக்கும். அந்த இடத்தில் பட்டறை. டிவி மேல் மரத்தூள், தலையணையில் மரத்தூள், காபியில் நுரைக்குப் பதில் மரத்தூள். விசிட்டிங் கார்டில் 'நிறுவனர்' என்று அச்சடித்திருப்பார். முதல் ஸ்டூல் இன்னும் பிறந்திருக்காது.

பிறந்ததும் என்ன ஆகும்? ஆடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஸ்டூலுக்கு நன்றாகவே ஆடத் தெரியும் என்பதால், கூடம் கோணல் என்று சொல்லும் பொறுப்பை இவரே ஏற்றுக்கொள்கிறார். ரசமட்டத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக் குமிழியைப் பார்த்து, வீடு கட்டிய கொத்தனாரைத் திட்டுவார். "ஆடுதுங்க" என்று மனைவி சொன்னால் பதில் தயார்: "மெஷின்ல செஞ்சா ஆடாது. இது கைவேலை." இழுப்பறை திறக்கவில்லையா? கைவேலை. திறந்தது மூடவில்லையா? அதுவும்தான்.

வாங்குகிறவர்கள் யார்? வேறு யார், சொந்தக்காரர்கள்தான். பெண்ணைக் கொடுத்த பாவத்துக்குச் சம்பந்தி ஒன்று வாங்குவார். ஏதோ காரியம் ஆகவேண்டியிருப்பதால் மைத்துனர் இரண்டு வாங்குவார். அதன்பிறகு ஒருவரும் போனை எடுப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனரின் மனைவிக்குக் கடைசியில் பொறுமை போய்விட்டது.

"இங்க பாருங்க. சொந்தபந்தம் இல்லாத வெளியாள் ஒருத்தர், இந்த மாசத்துக்குள்ள உங்க ஸ்டூல் ஒண்ணு வாங்கணும். வாங்கினா ஹால் உங்களுது. இல்லேன்னா என் சோபா கீழ வரும்."

மனிதர் ஆடிப்போனார். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆபீசில் இவர் நுழைந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்களாம். இப்போது யாராவது வந்து உட்கார மாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் ஒரு நாள் கதவு தட்டும் சத்தம். முன்பின் தெரியாத ஒரு பெண், நர்ஸ் சீருடையில், கையில் பெரிய பையோடு நின்றார்.

"ஸ்டூல் விக்கிறது இங்கதானே சார்?"

"ஆமாம்மா! வா, உக்காரு. ஐயோ, அதுல வேணாம். இதுல உக்காரு."

அவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துக் கீழே வைத்தார்.

"எங்கப்பா செஞ்சது சார். ரிட்டையர் ஆயிட்டாரு. வெளியாள் ஒருத்தராவது வாங்கலேன்னா பட்டறைய மூடணும்னு அம்மா கறாரா சொல்லிட்டாங்க. நீங்க தொழில் தெரிஞ்சவரு, அதான்..."

நிறுவனர் குனிந்து ஸ்டூலின் ஒரு மூலையை விரலால் அமுக்கினார்.

"ஆடுதேம்மா."

"கைவேலை சார்."

நிறுவனருக்குக் கண் கலங்கிவிட்டது. வியாபாரம் அங்கேயே முடிந்தது. அந்த ஸ்டூலை இவர் வாங்கினார்; இவருடைய ஸ்டூலை அதே விலைக்கு அந்தப் பெண் வாங்கிக்கொண்டார். வெளியாளுக்கு விற்றாயிற்று, இரண்டு வீட்டிலும்! இரண்டு மனைவிமாரும் சொன்ன சொல் தவற முடியாமல் பட்டறையை விட்டுவைத்தார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். பர்னிச்சர் கடையில் ஒரு அலமாரியை விரல்கணுவால் தட்டிப் பார்த்து, விலைச் சீட்டைப் புரட்டி, "நாலு பலகை, பத்து ஆணி, இதுக்கா இந்த விலை? நானே செஞ்சிடுவேனே!" என்று நீங்கள் சொன்னதே இல்லையா? அப்போது பக்கத்தில் நின்ற உங்கள் வாழ்க்கைத்துணை, உங்களுக்கு ஓய்வு வயதே வரக்கூடாது என்று அன்றிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறார்.