நடைபாதையைத் தாண்டாத கேபிள்

நகர கவுன்சிலிலிருந்து வந்த கடிதத்தைக் கிளைவ் ஆக்ராய்ட் மூன்றாவது முறையாகச் சத்தம்போட்டுப் படித்தார். மூன்றாவது முறையும் அதில் அதேதான் எழுதியிருந்தது.

"'தங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து நடைபாதையின் குறுக்கே மின்சார கேபிள் போடப்படுவதாகப் புகார் வந்துள்ளது. பாதசாரிகள் தடுக்கி விழக்கூடும் என்பதால் உடனடியாக அகற்றவும்.' புகாராம்! என் மேல! கேட்டியா பெவர்லி?"

"மூணு தடவை கேட்டுட்டேன் கிளைவ்," என்றாள் அவர் மனைவி, தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

ஹால்க்ராய்ட் பஸ் டிப்போவில் முப்பத்து நான்கு வருடங்கள் நேர அட்டவணை போட்டவர் கிளைவ். அந்த வருடங்களில் பயணிகள் அனுப்பிய புகார்கள் மூட்டை மூட்டையாக இருக்கும். ஆனால் அவற்றை அவர் ஒருநாளும் தன்மேல் வந்த புகார்களாக எடுத்துக்கொண்டதில்லை. இதுதான் முதல் புகார்.

பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். மறுவாரமே ஒரு குட்டி நீல நிற எலக்ட்ரிக் காரை வாங்கினார், செகண்ட் ஹேண்டில். ஓட்டிப் பார்த்து, சத்தமே வரவில்லை என்று பூரித்துப்போனார். அதை எங்கே நிறுத்தி சார்ஜ் போடுவது என்று வாங்கிய பிறகுதான் யோசித்தார். அவர்கள் தெருவில் வீடுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. வாசல் கதவைத் திறந்தால் காலை வைப்பது நேராக நடைபாதையில். கார் நிற்பது அதற்கும் அப்பால், தெருவில். ஆகவே முன்னறை ஜன்னல் வழியாக கேபிளை வெளியே விட்டு, நடைபாதையில் அதன்மேல் ஒரு ரப்பர் பாயைப் போட்டு மூடினார். இரண்டு மாதமாக எல்லாம் சுமுகமாகத்தான் ஓடியது.

"யார் எழுதிப் போட்டிருப்பாங்க?" என்றார் கிளைவ்.

"எனக்கென்ன தெரியும்? டீ போடவா?"

கிளைவ் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். அங்கே நார்மன் கேப்ஸ்டிக், வாசலில் தொங்கும் பூக்கூடைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிளம்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருமுனை பப்பில் பத்தொன்பது வருடங்களாக டோமினோ ஆட்டத்தில் கிளைவின் ஜோடி. போன வாரம்தான் அவருடைய நாயின் கயிறு இந்த ரப்பர் பாயில் சிக்கி, நாய் ஒரு பக்கமும் நார்மன் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள்.

"'ஒருநாள் எவனாவது இதுல கழுத்தை முறிச்சுக்கப் போறான் கிளைவ்'னு சொன்னான்," என்று முணுமுணுத்தார் கிளைவ். "சொன்னானே! என் காதுபடவே சொன்னானே!"

காரில் அப்போது பதினொரு சதவீதம் சார்ஜ்தான் இருந்தது.

*

தரையில் போட்டால்தானே தடுக்கும்? கிளைவ் மறுநாளே ஏணியை எடுத்தார். அதுகூட நார்மனிடம் இரவல் வாங்கியதுதான். துணி காயப்போடும் நீளக் கழியை மாடிப் படுக்கையறை ஜன்னலில் வரிந்து கட்டி, தெருப் பக்கம் நீட்டி, கேபிளை அதன் நுனி வழியாகக் காருக்கு இறக்கினார். இப்போது யார் வேண்டுமானாலும் கீழே நிமிர்ந்து நடக்கலாம்.

"எப்படி?" என்றார் ஏணி மேலிருந்து.

"நீ முதல்ல கீழ இறங்கு," என்றாள் பெவர்லி.

மதியத்துக்குள் முப்பத்தெட்டு சதவீதம் ஏறிவிட்டது. கிளைவ் ஒரு சாண்ட்விச் செய்து எடுத்துக்கொண்டு, கார் சார்ஜ் ஆவதை வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்தார். அப்போதுதான் பார்சல் வண்டி வந்தது. எல்லா பார்சல் வண்டிகளையும் போல அதுவும் பாதி நடைபாதையில் ஏறி நின்றது. ஓட்டுநர் காதில் பாட்டு. பக்கத்து வீட்டில் ஒரு பெட்டியைப் போட்டுவிட்டு, பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

வண்டியின் கூரை கேபிளில் மாட்டியது. கேபிள் கழியை இழுத்தது. கழி ஜன்னலிலிருந்து பிய்த்துக்கொண்டு, பெவர்லி ஒரு வாரமாகத் தைத்து முந்தின நாள்தான் மாட்டிய திரைச்சீலையையும் வாரிக்கொண்டு வந்தது. தெருக்கோடியில் வண்டி வளைந்து திரும்பி வந்தபோது, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கழி நார்மனின் பூக்கூடையை ஒரே வீச்சில் தட்டிவிட்டுப் போனது. கிளைவின் வாயில் சாண்ட்விச் அப்படியே நின்றது.

வண்டி ஒருவழியாக நின்றது. ஓட்டுநர் இறங்கி, கூரையில் கிடந்த திரைச்சீலையை உருவி எடுத்து, "இது யாரோட பார்சல்?" என்று கேட்டார்.

நார்மன் வெளியே ஓடி வந்து மண்ணில் கிடந்த பூக்களைப் பார்த்தார். "என் பெகோனியா, கிளைவ்," என்றார்.

"வேணும்னேவா பண்ணேன்?" என்றார் கிளைவ்.

இரண்டு நாள் கழித்து அடுத்த கடிதம் வந்தது. நடைபாதைக்கு மேலே அந்தரத்திலும் கேபிள் போகக் கூடாதாம். மீண்டும் ஒரு புகார் வந்திருக்கிறதாம். கிளைவ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஒரு பூக்கூடைக்காகவா? பத்தொன்பது வருஷப் பழக்கம், பெவர்லி!"

"அவரா இருக்காது, கிளைவ். எதுக்கு வீணா அவரை இழுக்கற?"

"உனக்கு எல்லாரும் நல்லவங்கதான்."

*

இரண்டு மைல் தள்ளி சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்தத்தில் மூன்று சார்ஜர்கள் இருந்தன. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளைவ் அங்கே போனார். பழுதென்று ஒன்றின் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக் கட்டியிருந்தார்கள். இன்னொன்றின் முன்னால் ஒரு டீசல் வண்டி நின்றது. மூன்றாவது, செல்போனில் அதன் செயலியை இறக்கினால்தான் பேசுவேன் என்றது. செயலியோ மின்னஞ்சலுக்கு ஒரு எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. மின்னஞ்சல் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டார்.

"பெவர்லி, சீக்கிரம் படி. ரெண்டு நிமிஷம்தான் செல்லுமாம்."

"இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன்... நாலு... அது ஒன்பதா, ஏழா..."

ஐந்தாவது முறைதான் எண் சரியாக விழுந்தது. சார்ஜர் சொட்டுச் சொட்டாக மின்சாரம் கொடுத்தது. கிளைவ் காருக்குள் உட்கார்ந்து ஒரு பன்றிக்கறி பப்ஸ் தின்றார். பிறகு இன்னொன்று. மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்று பார்த்தால், கேபிள் காரிலிருந்து கழலவில்லை.

உதவி எண்ணில் ஒரு ஆள் நிதானமாகப் பேசினார். "வண்டியைப் பூட்டித் திறங்க சார். அப்படியே மூணு தடவை. மூணாவது தடவை திறக்கும்போது பிளக்கை உள்ள தள்ளிட்டே இழுக்கணும்."

"தள்ளிட்டே எப்படி சார் இழுக்கறது?"

"பழகப் பழக வந்துடும் சார்."

கிளைவ் ஒரு முழங்காலைக் காரில் முட்டுக் கொடுத்து, பிளக்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்தார். தள்ளுவண்டியோடு நின்ற ஒரு பெண்மணி, "காரைத் திருடறீங்களா, இல்ல காப்பாத்தறீங்களா?" என்று விசாரித்தாள். பிளக் திடீரென்று கழன்றது. கிளைவ் குட்டைத் தண்ணீரில் மல்லாந்தார்.

நனைந்த கால்சட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நான்கு.

"அதுக்குள்ள வந்துட்டியா?" என்றாள் பெவர்லி. "எவ்வளவு ஏறியிருக்கு?"

"எழுபது."

"நூறு வரைக்கும் இருந்திருக்கலாமே."

"இருக்கறதா! அங்க மனுஷன் இருப்பானா? வாரத்துல ரெண்டு நாள் என் பொழைப்பு இப்படித்தான் போகணுமா?"

போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் அவர் பிழைப்பு அப்படித்தான் போயிற்று.

*

கடைசி வழி ஒன்று இருந்தது. நடைபாதையில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, கேபிளை அதற்குள் பதித்து மூடிபோட்டுக்கொள்ள, விண்ணப்பித்தால் கவுன்சிலே அனுமதி கொடுப்பதுண்டு. கிளைவ் விண்ணப்பித்தார். படம் வரைந்து, அளவு குறித்து, காலை மாலை எத்தனை பேர் அந்த வழியாக நடக்கிறார்கள் என்று நிமிடவாரியாக அட்டவணையும் போட்டு இணைத்தார்.

அந்த வாரம் பப்பில் நார்மனே பேச்சை எடுத்தார். "இதப் பாரு கிளைவ், என் வீட்டுப் பின்பக்கச் சந்துல காரேஜ் சும்மாதானே கெடக்கு? கொண்டுவந்து சொருகிக்கோயேன்."

கிளைவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புகாரும் கொடுத்துவிட்டுத் தயவும் காட்டுகிறானா? "உன் கரெண்டு எனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டு டோமினோ கட்டையை மேசையில் ஓங்கி வைத்தார். தப்பான கட்டை. அந்த ஆட்டம் தோற்றார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கவுன்சிலின் பதில் வந்தது. 'தங்கள் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டபடி விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. கோப்பு முடிக்கப்படுகிறது.'

கிளைவ் கடிதத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகு, வீட்டுச் செருப்போடு தெருவைத் தாண்டி நார்மனின் கதவை இடித்தார்.

"என் வீட்டு ஆளு மாதிரி போன் போட்டு விண்ணப்பத்தையே ரத்து பண்ணிட்டியாடா?"

"என்ன உளர்ற?"

"நடிக்காதே! பூக்கூடைக்குப் பழி வாங்கறியா? முப்பது வருஷம் அடுத்தவன் சாக்கடையைக் கிளறினவனுக்கு புத்தியும் அப்படித்தானே இருக்கும்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கிளைவின் தாயார் இறந்த வாரம், அடைத்துக்கொண்ட இவர்கள் வீட்டுச் சாக்கடைக்குள் கையை விட்டவர் நார்மன். காசு வாங்கவில்லை.

"சனிக்கிழமை டோமினோ இறுதியாட்டத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கோ," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கிளைவ் வேறு ஆளைப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருடங்களில் முதல்முறையாக மாவட்ட இறுதியாட்டத்துக்கு வந்திருந்த ஜோடி, போட்டிக்கே போகவில்லை. சனிக்கிழமை முழுவதும் கிளைவ் முன்னறையில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார். அது திறக்கவில்லை. பெவர்லி இரண்டு முறை அவர் அருகில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இரண்டு முறையும் டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளைவ் கவுன்சிலுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். எதிர்வீட்டு நபர் பொய்ப் புகார் கொடுக்கிறார், ஆள்மாறாட்டம் செய்கிறார், நேரில் வந்து விசாரிக்க வேண்டும்.

*

வியாழக்கிழமை காலை கவுன்சிலிலிருந்து யாஸ்மின் அக்தர் என்ற பெண் வந்தாள். கையில் ஒரு கோப்பு, தோளில் மழையில் நனைந்த பை, முகத்தில் எல்லாரையும் சமாதானப்படுத்தியே பழகிய சிரிப்பு. கிளைவ் அவளை நடைபாதையிலேயே நிறுத்திக் கேபிள் போன பாதை, கழி நின்ற இடம் எல்லாவற்றையும் காட்டினார். சத்தம் கேட்டு நார்மனும் நாயோடு வெளியே வந்தார்.

"இவன்தான்," என்றார் கிளைவ்.

"நான் இல்லம்மா," என்றார் நார்மன். "நான் எதுனாலும் மூஞ்சிக்கு நேராச் சொல்றவன். இவன் மூஞ்சிக்கு நேராவும் சொன்னேன்."

"அப்போ யாருன்னு கோப்பைப் பாத்துச் சொல்லுங்க!"

"அதைச் சொல்லக் கூடாது சார்," என்றாள் யாஸ்மின். "புகார் கொடுத்தவங்க பேரை நாங்க எந்தக் காரணத்துக்கும் வெளியில சொல்லக் கூடாது. என் வேலையே போயிடும்."

"சொல்ல வேணாம். எனக்குத்தான் தெரியுமே!" கிளைவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. "நல்லாக் கேட்டுக்கோ நார்மன். அந்தப் புகார் கொடுத்த ஆளோட நான் உயிரோட இருக்கற வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழ இருக்க மாட்டேன்!"

"நான் எப்பவுமே எதிர்வீட்டுலதானேடா இருக்கேன்," என்றார் நார்மன்.

அப்போது கதவு திறந்தது. பெவர்லி ஒரு தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு வாசலுக்கு வந்தாள். சத்தத்தைத் தணிக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். யாஸ்மினிடம் தட்டை நீட்டி, "மழையில நனைஞ்சுட்டியேம்மா. சர்க்கரை எத்தனை போடட்டும் கண்ணு?" என்றாள்.

யாஸ்மினின் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா மேடம்! மூணு தடவையும் போன்ல உங்ககிட்டப் பேசினது நான்தான், குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுடுச்சு! சொல்லுங்க, நீங்க ஆசைப்பட்ட மாதிரி சார் இப்பவாவது பகல்ல கொஞ்ச நேரம் வெளியில போய் இருக்காரா?"