தங்கச்சியை வரனாகக் காட்டிய செயலி

கேட்காமலே யோசனை சொல்லும் வியாதி எனக்கு உண்டு. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. இருபத்து நாலு வயதில் முற்றிப்போய் இருந்தது. மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, 'அரைப்புள்ளி' என்ற டெலிகிராம் குழுவில் ஊரிலுள்ள புரோகிராமர்களுக்கெல்லாம் ஞானம் வழங்கிக்கொண்டிருந்தேன். யாராவது பாவம், வெப்சைட்டில் பட்டன் நடுவில் வரமாட்டேன் என்கிறது என்று கேட்டால், அதை நடுவில் கொண்டுவரும் வழியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பேன். எந்த மொழி பிழைக்கும், எது செத்துவிட்டது என்று தினம் ஒரு தீர்ப்பு வேறு. (வேலை கிடையாது. அதைக் குழுவில் மூச்சு விட்டதில்லை.)

அப்பாவுக்குத் தெரியும். அவர் ரிக் வண்டி, அதாவது போர்வெல் போடும் லாரி, வைத்திருப்பவர். வண்டி மத்தியப் பிரதேசத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திருச்செங்கோட்டில் எங்கள் சனங்கள் நடத்தும் வரன் பார்க்கும் விழாவுக்குச் செயலி செய்து தரும் வேலை எனக்கு வந்ததும் தெளிவாகச் சொல்லிவிட்டார். அது ஒழுங்காக நடந்தால் நான் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தலாம். சொதப்பினால் மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு ரிக்குக்கு மேனேஜராகக் கிளம்ப வேண்டும்.

எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி குலம்தான். ஒரே குலத்தார் பங்காளிகள். முன்பின் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கை முறை. ஆகவே ஒரே குலத்துப் பெண்ணைச் செயலி காட்டவே கூடாது. இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூட எழுதிவிடும் என்று குழுவில் பீற்றிக்கொண்டேன். சேலத்தில் தங்கள் ஜவுளிக்கடை வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் ரஹ்மத் அக்கா மட்டும், விழாவுக்கு முன்னால் நிஜ ஆட்கள் நாலு பேர் விவரத்தைப் போட்டுப் பார்த்துவிடச் சொன்னார். விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள் மூன்றைப் பதிலாக அனுப்பினேன். நான் சோதித்ததெல்லாம், தேடும்போது திரையில் ஓர் இதயம் துடிக்கிறதா என்பதை மட்டும்தான்.

விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் பெரிய திரை. விழாத் தலைவர் குழந்தைவேலு மாமா, முதல் போணியாகத் தன் மகனுக்கே பெண் தேடச் சொன்னார். பட்டனை அழுத்தினேன். இதயம் இரண்டு முறை துடித்தது. திரை முழுக்க ஒரு பெண் சிரித்தாள்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மைக்கிலேயே கேட்டார்:

"ஏஞ்சாமி, இது எம்பொண்ணல்லோ?"

(மகனோடு மகளையும் அவர் பதிந்திருந்தார்.) மண்டபம் சிரித்த சிரிப்பில் என் காது அடைத்துவிட்டது. பதற்றத்தில் அடுத்த படத்துக்குத் தள்ளினேன். மோகனூர்ப் பெண், அதே குலம். அதற்கடுத்ததும் அதே குலம். அப்போதுதான் உறைத்தது. ஒரே குலமாக இருந்தால் காட்டாதே என்பதற்குப் பதில், ஒரே குலமாக இருந்தால் மட்டும் காட்டு என்று எழுதித் தொலைத்திருந்தேன். கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்றார். மத்தியப் பிரதேசத்து வெயில் எனக்கு அங்கேயே அடித்தது.

ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குழுவில் அழுதேன். இதுவரை என்னிடம் ஞானம் வாங்கிய அத்தனை பேரும் அதை வட்டியோடு திருப்பித் தந்தார்கள். பட்டன் நடுவில் வந்துவிட்டதா என்று ஒருவன் விசாரித்தான். ரஹ்மத் அக்கா மட்டும், மண்டபத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன்.

மோகனூர் அம்மா ஒருவர் மேடையேறி மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ரெண்டாவதா வந்தது எங்கூட்டுப் புள்ளைங்க. உங்களுக்கு எந்தக் கோயலுங்க?"

மாமா தன் குலதெய்வக் கோயிலைச் சொன்னார். அந்த அம்மாவுக்கும் அதே கோயில். கும்பாபிஷேகத்துக்கு அழைக்க வேண்டும் என்று மாமா ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த பங்காளிக் குடும்பம் அது. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் கீழேயிருந்து ஆளாளுக்குக் கை தூக்கி, எங்கள் பங்காளிகளையும் காட்டச் சொல்லு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நடந்ததை எழுதினேன். அக்காவிடமிருந்து பதில் வந்தது:

"தப்ப அழிச்சிடாதீங்க தம்பி. அது அப்படியே இருக்கட்டும், பக்கத்துல சரியானத ஒண்ணு போடுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பட்டன்கள்: ஒன்று வரன், ஒன்று பங்காளி. வரனும் நன்றாகவே ஓடியது; பங்காளிக்குத்தான் வரிசை வாசல் வரை நின்றது. பந்திக்கு ஆள் வராமல் சமையல்காரர் மேடைக்கே வந்து கெஞ்சினார். எங்கள் ஊரில் ஒரு நிகழ்ச்சிக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று நான் ஜெயித்தேன். ரிக்குக்கு வேறு மேனேஜர் போனார். எனக்கு அடுத்தடுத்துக் கோயில் கமிட்டிகளிலிருந்து அழைப்பு வந்தது. குழுவில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரிக்கும் பொம்மை மூன்றை அனுப்பினார்.

மாமாவின் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நாங்களும் போயிருந்தோம். நிற்க இடமில்லாத கூட்டம். அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டு வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்:

"எம்பையன் தப்பாச் செஞ்சதுக்கே இத்தன சனமுங்க. சரியாச் செஞ்சிருந்தா பூசாரியும் புதுசா வந்த மச்சானுந்தான் நின்னுருப்பாங்க."

அந்தப் பெருமையெல்லாம் ஊருக்குத்தான். பிறகு எனக்கும் அதே செயலிதான் பெண் காட்டியது. பெண் வீட்டுக்குப் போன அன்று, அப்பா அவர்கள் குலம் என்னவென்று அங்கிருந்த நாலு பேரிடம் தனித்தனியாக விசாரித்து முடிக்கும்வரை காபியைத் தொடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர்களுக்குக் காபி கொடுக்கிறாள்.